டெக்குக்குள் ஒளிந்திருந்த மரம்

"பைபர் போட் உக்காது" எண்டு கரையில யாரைக் கேட்டாலும் சொல்லுவினம். மரவள்ளம் உக்கும், புழு அரிக்கும், அடிக்கடி கரையில ஏத்திப் பராமரிக்க வேணும். பைபருக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த நம்பிக்கை எங்கட கடற்கரைக்கு மட்டும் உரியதல்ல. 1960களில் அமெரிக்காவில் பைபர் பாய்ப்படகுகளை விற்றவர்களும் இதைச் சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அந்தக் காலத்துப் படகு ஒன்றை இன்று வாங்குகிறவர், காசு கொடுக்க முன்னம் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து டெக்கை, அதாவது படகின் மேல்தளத்தை, சாண் சாணாகத் தட்டிப் பார்ப்பார். 'டக்' என்று தெளிவாகக் கேட்டால் நல்லது. 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் அந்த இடத்தில் மேல்தோலை அறுத்துத் திறக்க வேண்டிவரும். திறந்தால் உள்ளே கறுத்து, ஊறி, பிழிந்த தேயிலைச் சக்கை போலக் கிடப்பது மரம்.

மரத்தை ஒழித்துவிட்டோம் என்று விற்கப்பட்ட படகின் டெக்குக்குள் மரம் எப்படி வந்தது? அதை வழித்தெடுத்த பிறகு அந்த இடத்தில் எதை வைப்பது? இரண்டாவது, படகு திருத்துகிறவரின் கேள்வி. முதலாவது வரலாற்றுக் கேள்வி. முதலாவதுக்கு விடை தேடாமல் இரண்டாவதுக்குப் பதில் சொல்லப் போனால் மரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வேறொரு பொருளை வாங்கிக்கொண்டு வருவோம். திரும்பவும் அதே இடத்தில் தண்ணி இறங்கும். கலைப்பீடத்தில இருந்துகொண்டு ரெசின், பிளைவூட் பற்றி எழுதுறதுக்கு எனக்கு இருக்கிற நியாயம் இதுதான்.

கதையை 1938இல் தொடங்குகிறேன். அந்த ஆண்டு ஓகஸ்ட்டில், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளொஸ்டர் துறைமுகத்துக்குள் ஒரு பாய்க்கப்பல் வந்து சேர்ந்தது. பெயர் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்'. அதன் பழைய பெயர் 'அன்னபூரணி'. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட மரக்கப்பல் அது. வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார்; வல்வெட்டித்துறை மாலுமிகள் அதில் அத்லாந்திக் தாண்டிப் போனார்கள். எங்கட ஊர்களில் பெருமையோடு சொல்லப்படுகிற கதை, பலர் கேட்டிருப்பீர்கள்.

அதே 1938இல்தான் அமெரிக்காவில் 'ஓவன்ஸ்-கோர்னிங் பைபர்கிளாஸ்' என்ற கொம்பனி உருவானது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தலைமுறை தலைமுறையாகக் கையில் சேர்ந்த அறிவால் கட்டிய கப்பல் ஒன்று ஒரு துறைமுகத்தில் நங்கூரம் போடுகிறது. அந்த அறிவைத் தேவையற்றதாக்கப் போகிற நூல் அதே நாட்டில் வியாபாரத்துக்கு வருகிறது.

அந்த நூலின் பிறப்பு ஒரு தற்செயல். 1932இல் டேல் கிளைஸ்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்ட முயன்றபோது, உருகிய கண்ணாடியில் அழுத்தக் காற்று பட்டு மெல்லிய இழைகளாகச் சிதறியது. வெறும் இழை பஞ்சு மாதிரித்தான், வெப்பத்தைத் தடுக்க உதவும், அவ்வளவே. அதை விறைக்க வைக்கப் பொலியெஸ்டர் ரெசின் வேண்டியிருந்தது. அதுவும் 1930களிலேயே வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து வைத்தது யுத்தம். விமானங்களில் ரேடாரை மூடுகிற கூடு உலோகமாக இருந்தால் ரேடார் அலை வெளியே போகாது; கண்ணாடியிழையும் ரெசினும் சேர்ந்த தகடு அலையை மறிக்காது. 1942இல் ஒஹாயோவில் ரே கிறீன் என்பவர் அதே கலவையில் ஒரு சின்னப் படகு செய்து பார்த்தார். யுத்தம் முடிந்த பிறகு வழி திறந்துவிட்டது.

இனி 1959 ஜனவரி. நியூயோர்க் படகுக் கண்காட்சி. றோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்ற ஒன்றுவிட்ட சகோதரர்களான இரண்டு இளைஞர்கள் 'ட்ரைட்டன்' என்ற 28 அடிப் பாய்ப்படகைக் கொண்டுவந்து வைத்தார்கள். வடிவமைத்தவர் கார்ல் அல்பேர்க், சுவீடனில் பிறந்தவர். விலை 9,700 டொலர். ஒரு குடும்பம் உள்ளே படுத்து எழும்பக்கூடிய படகு அந்த விலைக்கு என்றதும் கண்காட்சியிலேயே 17 பேர் பதிவு செய்தார்கள். பிறகு எட்டு வருடத்துக்குள் 700க்கும் மேல் கட்டப்பட்டது. பைபர் பாய்ப்படகு என்கிற தொழிலே இந்தக் கண்காட்சியோடு தொடங்கியது என்று சிலர் சொல்லுவார்கள். கொஞ்சம் மிகைதான், அதற்கு முன்னமும் பைபர் பாய்ப்படகுகள் இருந்தன. ஆனால் ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள் படகு வாங்கலாம் என்ற நிலை இதற்குப் பிறகுதான் வந்தது.

எப்படி அந்த விலை சாத்தியமானது? மரப்படகுக்கு ஒவ்வொரு பலகையும் வேறு வேறு வளைவு. ஒவ்வொன்றையும் பார்த்து, சீவி, வைத்துப் பார்த்து, திரும்பச் சீவிப் பொருத்த வேண்டும். அந்தக் கையைப் பழக்க வருடக்கணக்காகும். பைபருக்கு ஒரேயொரு தடவை நல்ல தச்சர் வேண்டும், அச்சு செய்ய. அதற்குப் பிறகு அச்சுக்குள் நிறப்பூச்சைப் பூசி, கண்ணாடியிழைப் பாயை விரித்து, ரெசினை உருளையால் தேய்த்து இறக்கத் தெரிந்தால் போதும். அதைச் சில கிழமைகளில் பழகிவிடலாம். விலை குறைந்தது கண்ணாடியாலும் ரெசினாலும் என்பதைவிட, அறிவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த கூலி குறைந்ததால் என்பதுதான் சரி.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. படகின் உடல் வளைவானது. முட்டைக்கோது போல, வளைந்த எதுவும் மெல்லியதாக இருந்தாலும் விறைப்பாக நிற்கும். டெக் அப்படியில்லை, அது தட்டை. மெல்லிய பைபர் தகட்டின் நடுவில் ஒருவர் ஏறி நின்றால் அது பாய் மாதிரித் தொய்யும். தடிப்பாகப் போட்டால் பாரம் கூடும். அதுவும் தண்ணிக்கு மேலே பாரம் கூடினால் படகு உருளத் தொடங்கும். இங்கே ஒரு கணக்கு உதவிக்கு வருகிறது. ஒரு தகட்டின் தடிப்பை இரட்டிப்பாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். வளைக்கும்போது இழுவையையும் அமுக்கத்தையும் தாங்குவது மேல்தோலும் கீழ்த்தோலும்தான். நடுவில் இருப்பதற்கு அந்த இரண்டையும் விலத்திப் பிடித்து வைத்திருப்பதே வேலை. அப்படியென்றால் நடுவில் இருப்பது பாரமில்லாததாக இருக்கலாம். சாண்ட்விச் மாதிரி.

12 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சதுர மீற்றர் என்று வைத்துப் பாருங்கோ. முழுக்கக் கண்ணாடியிழை என்றால் கிட்டத்தட்ட 19 கிலோ. பிளைவூட் என்றால் ஆறரை கிலோ. பல்சா மரம் என்றால் இரண்டு கிலோவுக்கும் குறைவு. டெக் முழுவதுக்கும் பெருக்கிப் பார்த்தால் ட்ரைட்டனின் டெக்குக்குள் ஏன் பல்சா போனது என்பது விளங்கும்.

பல்சா ஈக்குவடோர் நாட்டு மரம். எங்கட இலவ மரத்தின் சொந்தக்காரன், ஒரே குடும்பம். இலவைப் போலவே மெதுவான மரம், வேகமாக வளரும். ஆறேழு வருடத்தில் வெட்டலாம். ஸ்பானிய மொழியில் 'பல்சா' என்றால் தெப்பம். அந்தக் கரையோரத்து மக்கள் இந்த மரத்தைக் கட்டித் தெப்பமாக்கியதைப் பார்த்த ஸ்பானியர், தெப்பத்தின் பெயரையே மரத்துக்கு வைத்துவிட்டார்கள். எங்கட கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் இரட்டை உடல் படகுக்குப் பெயரானதையும் இதோடு சேர்த்து நினைக்கலாம். பெயரை எடுத்துக்கொள்வார்கள், செய்தவர்களை மறந்துவிடுவார்கள்.

இந்த மரத்தை சாண்ட்விச்சுக்குள் வைக்கும் யோசனை பியர்சன்களுடையது அல்ல. பிரித்தானியாவின் 'மொஸ்கிற்றோ' போர்விமானம் 1940 நவம்பரில் முதலாவதாகப் பறந்தது. அதன் உடல், இரண்டு மெல்லிய பிளைவூட் தோல்களுக்கு நடுவில் பல்சா. தளபாடத் தொழிற்சாலைகளில் கதிரை, அலுமாரி செய்த தச்சர்கள் அதைக் கட்டினார்கள். பல்சா ஈக்குவடோரிலிருந்து கப்பலில் போனது. பிறகு 1947இல் நோர்வேக்காரரான தோர் ஹெயர்டால் ஒன்பது பல்சா மரக்குற்றிகளைக் கயிற்றால் கட்டி, 'கொன்-டிக்கி' என்று பெயர் வைத்து, பெருவிலிருந்து பசிபிக்கைக் கடந்தார். 101 நாள். தண்ணி ஊறி மரம் நடுவழியில் தாழும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். தாழவில்லை. காரணம், வெட்டிய கையோடு பச்சையாகவே கட்டினார்கள். மரத்துக்குள் இருந்த பால் கடல்தண்ணியை உள்ளே விடவில்லை.

பழைய படகு திருத்துகிறவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு செய்தி இருக்கிறது. டெக்குக்குள் போகிற பல்சா பச்சை மரம் அல்ல. சூளையில் உலர்த்தி, பால் எல்லாம் வற்றி, காய்ந்த பஞ்சு போன்றது. தண்ணிக்குத் தாகமாக இருக்கிறது. இதற்காகவே அதைக் குறுக்காக, சின்னச் சின்னக் கட்டைகளாக வெட்டி, நார்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி வைக்கிறார்கள். அப்படி வைத்தால் மேலிருந்து வரும் அமுக்கத்தையும் தாங்கும், ஓரிடத்தில் இறங்கிய தண்ணி பக்கவாட்டில் இலகுவாகப் பரவவும் மாட்டாது. பிளைவூட்டில் அந்த வசதி இல்லை. அதன் நார்கள் படுத்துக் கிடப்பதால் ஒரு மூலையில் இறங்கிய தண்ணி குழாய்வழி போவது போல் தூரம் போகும்.

அப்படியென்றால் ஏன் இத்தனை டெக்குகள் உக்கின? துளைகளால். கைபிடிக் கம்பிக்கு ஒரு துளை, கயிறு கட்டும் கட்டைக்கு நாலு துளை, யன்னலுக்கு, காற்றுக்குழாய்க்கு என்று ஒரு டெக்கில் நூற்றுக்கு மேல் துளைகள் வரலாம். தோலையும் பல்சாவையும் சேர்த்து நேரே துளைத்து, ஆணியைப் போட்டு, சுற்றிக் கொஞ்சம் பசையைத் தடவிவிட்டால் வேலை முடிந்தது. பத்து வருடத்தில் அந்தப் பசை காய்ந்து வெடிக்கும். பிறகு ஒவ்வொரு மழையும் உள்ளேதான். மரம் உக்குவதற்குப் பூஞ்சை வேண்டும், பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் வேண்டும். இரண்டு தோலுக்கு நடுவில் அடைபட்ட ஈரம் காய வழியே இல்லை. குளிர்நாடுகளில் அந்த ஈரம் உறைந்து, விரிந்து, தோலையே கட்டையிலிருந்து பிரித்துவிடும்.

இதைத் தவிர்க்கும் முறை சிக்கலானது அல்ல. தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, ஓரத்து மரத்தைச் சுரண்டி, அந்தக் குழியைக் கெட்டியான எப்பொக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு அதற்கு நடுவில் ஆணிக்கான துளையைப் போட வேண்டும். ஆணி எப்பொக்சியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. ஆனால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற தொழிற்சாலையில் யார் காத்திருப்பார்கள்? மரப்படகு கட்டின தச்சருக்கு வெட்டுவாயைப் பூசாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது கைப்பழக்கம். மரமில்லாத படகு கட்டுகிறோம் என்று நம்பின தொழிற்சாலைக்கு அந்தப் பழக்கம் தேவைப்படவில்லை. தச்சரை வெளியே அனுப்பிவிட்டு மரத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். 9,700 டொலரில் மிச்சம் பிடித்த கூலியை நாற்பது வருடம் கழித்து, மூன்றாவது நான்காவது கைமாறி வாங்கினவர் முழங்காலில் நின்று கட்டிக்கொண்டிருக்கிறார்.

சரி, அவர் எதைத் தெரிவு செய்வது? முழுக்கக் கண்ணாடியிழை வைத்தால் உக்காது, ஆனால் பாரமும் செலவும் தாங்காது. பாய்மரத்தின் கால் நிற்கும் இடம், நங்கூரக் கயிறு கட்டும் இடம் போன்ற சில சாண்களுக்கு மட்டும் அது சரி. பிளைவூட் மலிவு, வெட்டுவது லேசு, ஆணியைப் பிடிக்கும். படகுக்கான நல்ல பிளைவூட்டில் பெரும்பகுதி ஆபிரிக்காவின் ஒக்கூமே மரத்திலிருந்து வருவது. கபோன் நாடு 2010இல் முழுமரக்குற்றிகளை ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்து, உரித்தெடுக்கும் வேலை தன் நாட்டிலேயே நடக்க வேண்டும் என்றது. நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். வளைவான டெக்குக்குப் பிளைவூட் சரிவராது. பாரமும் பல்சாவின் மூன்று நான்கு மடங்கு.

பிவிசி ஃபோம் மூன்றாவது வழி. யுத்தகாலத்து ஜெர்மனியில் பிறந்து, பிறகு பிரான்சிலும் சுவீடனிலும் வளர்ந்த பொருள். சுவீடன் கடற்படை 1970களில் கடற்கண்ணி அகற்றும் கப்பலையே இதை நடுவில் வைத்துக் கட்டியது. கன மீற்றருக்கு 80 கிலோ அளவில் கிடைக்கும், பல்சாவின் பாதி. தண்ணி குடிக்காது, உக்காது. ஆனால் அதே தடிப்பில் பல்சா அளவுக்கு அமுக்கம் தாங்காது. கறுப்பு நிறம் பூசிய டெக் நண்பகல் வெயிலில் கொதிக்கும்போது மலிவான வகைகள் இளகும். விலையும் அதிகம். உக்காது என்பதால் துளையைக் கவனிக்காமல் விடலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. தண்ணி ஃபோமுக்குள் போகாவிட்டாலும் தோலுக்கும் ஃபோமுக்கும் நடுவில் போகும், அங்கே ஒட்டு விட்டுப்போகும்.

நாலாவது, திரும்பவும் பல்சா. என் தெரிவு இதுவாகத்தான் இருந்திருக்கும், 2020க்கு முன்னம் கேட்டிருந்தால். காற்றாலை இறகுகளுக்குள்ளும் இதே சாண்ட்விச்தான், அதே பல்சாதான். 2019, 2020இல் சீனா வேகவேகமாகக் காற்றாலைகளை நாட்டியபோது ஈக்குவடோரில் பல்சா விலை பாய்ந்தது. தோட்ட மரம் போதாமல் வெட்டுகிறவர்கள் அமேசனுக்குள் போனார்கள். வோரானி, அச்சுவார் போன்ற பழங்குடி மக்களின் ஆற்றுத்தீவுகள் மொட்டையாகின. பிறகு இறகு செய்பவர்கள் மெல்ல மெல்ல பிளாஸ்டிக் போத்தல் வகை ஃபோமுக்கு மாறினார்கள், விலை விழுந்தது, வெட்டினவர்கள் விட்டுப்போனார்கள். ஒரு பழைய படகின் டெக்குக்குத் தேவையானது அந்தக் கணக்கில் தூசுதான். ஆனாலும் தோட்டத்தில் நட்டு வெட்டியது என்ற சான்றோடு வருகிற பல்சாவைக் கேட்டு வாங்குவது ஒன்றும் கஷ்டமில்லை. அப்படிக் கிடைத்தால் பல்சா, கிடைக்காவிட்டால் ஃபோம்.

எதை வைத்தாலும் ஒட்டுகிற பசைதான் பாதி வேலை. பழைய, இறுகின பைபரில் பொலியெஸ்டர் ரெசின் நன்றாகப் பிடிக்காது, எப்பொக்சி பிடிக்கும். வெட்டின ஓரத்தைத் தடிப்பின் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக உரஞ்சிவிட்டு அதன் மேல் புதுத் துணியை ஏற்ற வேண்டும். இன்னொன்று, கடையில் மலிவாகக் கிடைக்கிற வெட்டிழைப் பாயை எப்பொக்சியோடு பாவிக்கக் கூடாது. அந்த இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிற தூள் பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பொக்சிக்கு நெய்த துணி.

எங்கட கரைக்கு வருவோம். பைபர் படகு இங்கே வந்ததிலும் நோர்வேக்கு ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து 1956இல் நோர்வே போன அன்ரனி இராஜேந்திரம், அங்கே திரட்டிய உதவியோடு 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் 'சீநோர்' நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே பைபர் படகு கட்டப்பட்டது. வடக்கில் பைபர் படகு பரவியதில் அந்தப் பட்டறைக்கு முக்கிய இடம். வெளியில பூட்டுற இஞ்சினோடு ஓடுகிற 18 அடிப் படகு அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பரவியது. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணப் படகுகளிலும் பெரும்பகுதி அந்த வகைதான். அவசரத்தில் கட்டப்பட்ட பல படகுகள் தரமற்றவை என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் அப்போதே எச்சரித்தது. எண்ணிக்கை காட்ட வேண்டியிருந்தது, கட்டினார்கள். றோட் ஐலண்டிலாவது வாங்கினவர் பொழுதுபோக்குக்குக் கடலுக்குப் போனவர்.

இந்தப் படகுகளில் டெக் பெரிதாக இல்லை. ஆனால் மரம் இருக்கிறது. இஞ்சின் பூட்டுகிற பின்பக்கப் பலகையை வெளியில் பார்த்தால் பைபர், உள்ளே பிளைவூட். இஞ்சினின் முழு உந்தலும் அதிர்வும் அந்தப் பலகையில்தான் இறங்கும், அதைத் துளைத்துத்தான் ஆணி போகும். டெக்கில் மரம் உக்கினால் கால் புதையும். இதில் உக்கினால் நடுக்கடலில் இஞ்சின் பலகையோடு கழரும். வாழைச்சேனை, நீர்கொழும்பு போன்ற துறைமுகங்களில் நிற்கிற பலநாள் கலங்களில் டெக்கும் உண்டு, அதன் கீழே ஐஸ் அறையும் உண்டு. அந்த அறையின் சுவருக்குள் இருக்கிற ஃபோம் தண்ணி குடித்தால் ஐஸ் வேளைக்குக் கரையும், கலம் பாரமாகும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இஞ்சினைக் கழற்றிக் கரையில வைக்கிற நாளில, அந்தப் பலகையை ஒருக்கால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கோ. ஆணித்துளைக்குள்ள விரலை விட்டுப் பார்த்தால் ஈரமா இல்லையா எண்டு தெரியும். சுத்தியல் இல்லாட்டி இரண்டு ரூபாய்க் குத்தி காணும்.